ரோபோ ஓடுகிறது, ஏன் ஓடுகிறது என்று பையனுக்குத் தெரியவில்லை. அடுத்த லெவலில் சேர்க்கலாமா?

இரட்டைவால்:

வணக்கம் நண்பர்களே, கொஞ்சம் நீளமாகக் கேட்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு 9 வயது. ஒரு வருடத்துக்கு மேலாக ரோபோடிக்ஸ் வகுப்புக்குப் போகிறான். ஆர்வத்துக்குக் குறைச்சலே இல்லை, வகுப்பு நாள் என்றால் காலையிலிருந்தே தயாராக இருப்பான். ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒன்று செய்கிறான்: கிரேன், ஆடும் பொம்மை, நாலு காலில் நடக்கும் ஏதோ ஒன்று, தடையைக் கண்டால் திரும்பிப் போகும் கார். ஓடும்போது வீடியோ எடுத்து எங்களுக்கு அனுப்புகிறார்கள், அப்புறம் எல்லாவற்றையும் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு வந்துவிடுகிறான்.

என் குழப்பம் இதுதான். "அந்த கார் சுவரை எப்படிடா கண்டுபிடிக்குது?" என்று கேட்டால் "சென்சார் இருக்குப்பா" என்கிறான். சென்சார் என்ன செய்யும் என்றால் "சுவரைக் கண்டுபிடிக்கும்". அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அதே காரை வீட்டில் இருக்கும் சாமானை வைத்துச் செய்யச் சொன்னால் "ஷீட் இல்லையே" என்கிறான் (எதை எங்கே மாட்டுவது என்று படம் போட்ட தாள்).

இப்போது லெவல் 2 முடிந்துவிட்டதாம், லெவல் 3 சேரச் சொல்கிறார்கள். ஆர்டுயினோ (மோட்டார், சென்சாரை மாட்டி நிரலால் இயக்கும் சின்ன மின்னணுப் பலகை), பைத்தான் (எழுத்தில் எழுதும் நிரல் மொழி) எல்லாம் அதில் வருமாம். புது கிட் வேறு வாங்க வேண்டும். சேர்க்கலாமா, இல்லை இங்கேயே நிறுத்தி அடிப்படையைச் சரி செய்யலாமா? ஸ்கிராட்ச் (திரையில் கட்டைகளை இழுத்துப் பொருத்தி நிரல் எழுதுவது) ஒழுங்காகக் கற்காமல் நேராக பைத்தானுக்குப் போனால் பரவாயில்லையா? அப்புறம், 6 வயதில் ஒரு பெண் இருக்கிறாள், அண்ணன் செய்வதைப் பார்த்து அவளுக்கும் வேண்டுமாம். அவளுக்கு எங்கே தொடங்குவது?

பல்சக்கரம்:

நான் இந்த வகுப்புதான் எடுக்கிறேன் (உங்கள் பையன் போகும் இடத்தில் இல்லை, பயப்பட வேண்டாம்). அதனால் உள்ளே நடப்பதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

வாரம் ஒரு புது மாடல் என்பது பாடத்திட்டத்துக்காக வந்ததில்லை, டப்பாவுக்காக வந்தது. ஒரு கிட் காலையில் ஒரு பேட்ச், மாலையில் இன்னொரு பேட்ச் என்று கைமாற வேண்டும். அதனால் வகுப்பு முடியும்போது கழற்றியே ஆக வேண்டும், அடுத்த வாரம் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க முடியும். ஒரு மணி நேரத்தில் கட்டி, ஓட்டி, வீடியோ எடுத்து, கழற்ற வேண்டுமென்றால் ஷீட்டைப் பார்த்துக் கட்டுவதைத் தவிர வேறு எதற்கும் நேரம் இருக்காது. முதலில் வெட்டுப்படுவது "ஓடவில்லை, ஏன்?" என்று குழந்தை உட்கார்ந்து யோசிக்கும் நேரம்தான். ஓடவில்லை என்றால் ஆசிரியர் வந்து சட்டென்று ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வீடியோ எடுக்க வேண்டுமே.

படிப்படியாக என்றால் என்ன என்று நான் நினைப்பது: அடுத்த வகுப்பு, போன வகுப்பில் செய்ததன் குறையிலிருந்து பிறக்க வேண்டும். ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மோட்டார், பின்னால் ஒரு சின்ன உருளை, அவ்வளவுதான். முதல் வேலை, நேராகப் போக வைப்பது. போகாது! ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை, கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். இங்கேதான் பிள்ளைகள் முதல்முறையாக மோட்டாரின் வேகத்துக்கான ஒரு எண்ணை மாற்றி, ஓட்டிப் பார்த்து, மறுபடி மாற்றுகிறார்கள். ஆர்டுயினோவில் அது 0 முதல் 255 வரை, மைக்ரோபிட்டில் (அது போன்ற இன்னொரு சின்னப் பலகை) 0 முதல் 1023 வரை. வேரியபிள் என்றால் என்ன என்று நான் பலகையில் எழுதிச் சொல்லிப் புரியாத பிள்ளைகளுக்கு, "இடது வேகம்" என்று ஒரு பெயர் வைத்து ஒரே இடத்தில் மாற்றினால் போதும் என்று காட்டியதும் புரிந்துவிடுகிறது.

அடுத்து 90 டிகிரி திரும்புவது. அரை நொடி ஒரு சக்கரத்தை நிறுத்தினால் சரியாகத் திரும்புகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள், சந்தோஷம். அடுத்த வாரம் பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கும், அதே அரை நொடியில் 70 டிகிரிதான் திரும்பும். "மிஸ், போன வாரம் சரியா திரும்புச்சு" என்று புகார் வரும். நான் காத்திருப்பது இந்தப் புகாருக்குத்தான். நேரத்தை நம்ப முடியாது, வெளியே என்ன இருக்கிறது என்று கார் பார்க்க வேண்டும் என்று அவர்களே சொல்லும்போது சென்சாரைக் கையில் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் கொடுத்தால் உங்கள் பையன் சொன்ன பதில்தான் வரும், "சென்சார் இருக்குப்பா".

கோட்டைத் தொடர்ந்து போகும் கார் இதைவிட நல்ல பாடம். ஒரே ஒரு சென்சார் வைத்து, கறுப்பு தெரிந்தால் இந்தப் பக்கம், வெள்ளை தெரிந்தால் அந்தப் பக்கம் என்று எழுதினால் கார் கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடிப் போகும். ஆட்டத்தைக் குறைக்க இரண்டாவது சென்சார். அதிலும் வளைவில் தடுமாறும். அப்போது "ஒரேயடியாகத் திருப்பாதே, எவ்வளவு விலகியிருக்கிறாயோ அவ்வளவு திருப்பு" என்ற யோசனை வரும். அதைத்தான் கல்லூரியில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு என்று தனிப் பாடமாக நடத்துகிறார்கள், அதில் வரும் பிஐடி (PID) என்ற முறையின் முதல் எழுத்தான 'பி' இதுதான். 11 வயதுப் பிள்ளை அந்தப் பெயர் தெரியாமலேயே செய்துவிடும், பெயர் பிறகு வந்தால் போதும்.

இவ்வளவுக்கும் ஒரே கார்தான், மாதக்கணக்கில். பெற்றோருக்கு இது பிடிக்காது, "இன்னும் அதே காரா?" என்று கேட்பார்கள். வாராவாரம் புது வீடியோ வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் என்பதைக் கொஞ்சம் கூச்சத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

லெவல் 3 கேள்விக்கு வருகிறேன். சேர்ப்பதற்கு முன்னால் ஒரு வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு பிள்ளையின் ரோபோ ஓடாதபோது ஆசிரியரின் கை எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். ரோபோவுக்குப் போனால் சேர்க்காதீர்கள். கையைக் கட்டிக்கொண்டு "எதை முதலில் சோதிக்கலாம்?" என்று கேட்டால் அங்கே எந்த லெவல் ஆனாலும் சேர்க்கலாம்.

சும்மா_நிரலர்:

பல்சக்கரம் சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடுதான், ஒரு விஷயத்தில் மட்டும் இல்லை.

கார், மோட்டார், சென்சார் என்று போகும்போது ஒரு பிழை வந்தால் அது நிரலில் இருக்கலாம், ஒயரில் இருக்கலாம், பேட்டரியில் இருக்கலாம். பெரியவர்களுக்கே தலை சுற்றும். 9 வயதில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கற்றால் "நிரல் எழுதினாலும் வராது, அது அதிர்ஷ்டம்" என்ற எண்ணம் சில பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. நான் என்றால் முதலில் திரையில் மட்டும், ஸ்கிராட்சில், ஒரு விளையாட்டையாவது முழுதாகச் செய்ய விடுவேன். மதிப்பெண் ஏறும், உயிர் குறையும், முடிந்தால் மறுபடி தொடங்கும், இவ்வளவு இருந்தால் போதும். அதில் லூப் (ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்வது), நிபந்தனை, வேரியபிள் எல்லாம் வந்துவிடும். தப்பினால் தப்பு நிரலில்தான், வேறு எங்கேயும் தேட வேண்டாம். ஸ்கிராட்ச் 2007இல் எம்.ஐ.டி.யிலிருந்து வந்தது, இன்றும் இலவசம், புது கிட் எதுவும் தேவையில்லை.

"ஸ்கிராட்ச் குழந்தை விளையாட்டு, பைத்தான்தான் நிஜம்" என்று பேசுகிறவர்களை நம்பாதீர்கள். கட்டைகளை இழுத்துப் போட்டாலும் யோசிப்பது அதே யோசனைதான். எழுத்தில் எழுதும் மொழிக்கு மாற எனக்குத் தெரிந்த நல்ல அடையாளம் இரண்டு: கட்டைகள் திரையில் அடங்காமல் நீளமாகிப் பிள்ளைக்கே எரிச்சல் வருவது, அப்புறம் விசைப்பலகையில் தேடாமல் தட்டச்சு செய்ய வருவது. இரண்டாவதை யாரும் பேசுவதில்லை. ஆனால் பைத்தான் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் திணறுவது முக்காற்புள்ளி (:) எங்கே இருக்கிறது என்று தேடித்தான், தர்க்கத்தில் இல்லை.

பெண் குழந்தைக்கு 6 வயது என்றீர்களே, அவளுக்கு எதுவும் வாங்கத் தேவையில்லை. 1967இல் லோகோ என்று ஒரு மொழி குழந்தைகளுக்காகவே உருவானது. சைமர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோயர்ட்சைக் ஆகியோர் அதில் இருந்தார்கள். பேப்பர்ட் அதற்கு முன் ஜெனீவாவில் குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயிடம் வேலை பார்த்தவர். சில வருடங்களில் தரையில் ஓடி பேனாவால் கோடு போடும் ஒரு ஆமை ரோபோவும் அதோடு சேர்ந்தது. "முன்னே போ, திரும்பு" என்பதுதான் கட்டளை. ஆமை என்ன செய்யும் என்று தெரியவில்லையா, நீயே ஆமையாக நடந்து பார் என்பதுதான் அவர்கள் கண்ட வழி. இதை வீட்டிலேயே செய்யலாம். அவள் ரோபோ, அண்ணன் கட்டளை கொடுப்பவன், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். சதுரமாக நடக்க வைப்பது எளிது: முன்னே, வலது பக்கம் 90, நாலு முறை. முக்கோணத்துக்கு வரும்போது உங்கள் பையனே 60 டிகிரி என்பான், பள்ளியில் அப்படித்தானே படித்திருப்பான். நடந்து பார்த்தால் முக்கோணம் மூடாது. திரும்ப வேண்டியது 120 என்று தரையில் நடந்து கண்டுபிடித்த பிள்ளை அதை மறப்பதில்லை. பெரியவர்களையும் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் 60 என்றுதான் சொல்வார்கள்.

அதற்கு அப்புறம் ஸ்கிராட்ச் ஜூனியர் இருக்கிறது, 2014இல் வந்தது, 5 முதல் 7 வயதுக்கென்றே செய்தது, படிக்கத் தெரியாவிட்டாலும் படக் கட்டைகளை வைத்து ஓட்டலாம்.

பல்சக்கரம்:

@சும்மா_நிரலர் ஸ்கிராட்ச் முதலில் வரலாம், மறுக்கவில்லை. ஆனால் திரையில் பூனை எப்போதுமே நேராகத்தான் போகும். உலகம் சொன்னபடி கேட்காது என்பதைத் திரை சொல்லித் தராது. என் வகுப்பில் ஸ்கிராட்சில் கெட்டிக்காரர்களாக இருந்த சிலர்தான் காரைப் பார்த்ததும் சீக்கிரம் கோபப்படுகிறார்கள், "நான் சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்று. ஒயர் பிழையும் நிரல் பிழையும் கலக்காமல் இருக்க ஒரே வழி, இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்கப் பழக்குவது. மோட்டாரை நேராக பேட்டரியில் தொட்டுப் பார், சுற்றுகிறதா? சென்சார் தரும் எண்ணைத் திரையில் எழுதச் சொல், கையை நீட்டினால் மாறுகிறதா? இது 8 வயதுக்கே வரும், நான் பார்க்கிறேன்.

மைக்ரோபிட் நடுவில் நல்ல பாலம். 2016இல் பிரிட்டனில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 10 லட்சம் பலகைகள் இலவசமாகக் கொடுத்தார்கள். அதிலேயே 25 சிறு விளக்குகள், இரண்டு பொத்தான், அசைவை உணரும் சென்சார், திசைகாட்டி எல்லாம் இருப்பதால் முதல் பல வாரங்களுக்கு ஒயரே வேண்டாம். மேக்கோட் என்ற தளத்தில் கட்டையாகவும் எழுதலாம், திரையிலேயே ஓட்டியும் பார்க்கலாம். திரையில் ஓடுகிறது, கையில் ஓடவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் ஒயரில்தான். நீங்கள் கேட்ட பிரிவினை இங்கேயே கிடைத்துவிடுகிறது.

ஒயர்மேன்:

நிரல் பக்கம் நிறையப் பேசிவிட்டீர்கள், நான் ஒயர் பக்கம்.

முதலில் ஒரு சந்தேகம். ஆர்டுயினோவும் பைத்தானும் என்று சொன்னார்களாமே, எந்த ஆர்டுயினோ என்று கேளுங்கள். வகுப்புகளில் அதிகம் இருக்கும் ஊனோ பலகையில் (எட்டு பிட் சிப் உள்ளது) பைத்தான் ஓடாது, அதன் தற்காலிக நினைவகமே 2 கிலோபைட்தான். அதில் எழுதுவது சி++ வகை மொழி. கணினியில் பைத்தானை ஓட்டி யு.எஸ்.பி. வழியாக ஊனோவுக்குக் கட்டளை அனுப்பலாம், ஆனால் கேபிளைப் பிடுங்கினால் கார் நின்றுவிடும். மைக்ரோபைத்தான் (சின்னப் பலகைகளுக்கான பைத்தான்) ஓடும் பலகைகள் வேறு, ராஸ்பெரி பை பிக்கோ மாதிரி. இந்தக் கேள்விக்கு அங்கே தெளிவாகப் பதில் சொன்னால் விஷயம் தெரிந்த ஆட்கள். "எல்லாம் வரும் சார்" என்றால் விளம்பரத்தாளைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று அர்த்தம்.

வீட்டில் செய்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் சில விஷயங்கள். மோட்டாரை நேராக பலகையின் பின்னில் (ஒயர் மாட்டும் முனை) மாட்டாதீர்கள். ஊனோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லியாம்ப் கரண்டுக்குள் எடுப்பது நல்லது, 40ஐத் தொடவே கூடாது. சின்ன மஞ்சள் மோட்டார் சும்மா சுற்றவே அதைவிட அதிகம் கேட்கும், சக்கரம் மாட்டிக்கொண்டு நின்றால் பல மடங்கு கேட்கும். நடுவில் மோட்டார் டிரைவர் (பலகை சொல்வதைக் கேட்டு பேட்டரியின் கரண்டை மோட்டாருக்கு அனுப்பும் பாகம்) ஒன்று கட்டாயம். எல்.இ.டி.க்கு 220 ஓம் ரெசிஸ்டர் (கரண்டைக் குறைக்கும் பாகம்) ஒன்று சேர்த்துப் போடுங்கள்.

டிரைவரில் ஒரு பொறி இருக்கிறது, பாதிப் பேர் விழுவது இதில்தான். மலிவாகக் கிடைக்கும் எல்298என் டிரைவர் உள்ளுக்குள்ளேயே ஏறத்தாழ 2 வோல்ட்டைச் சாப்பிட்டுவிடும். நாலு சாதாரண ஏஏ பேட்டரி 6 வோல்ட், மோட்டாருக்கு 4 போகும், ஓடும். அதே இடத்தில் ரீசார்ஜ் பேட்டரி நாலு போட்டால் ஒன்றுக்கு 1.2 வீதம் மொத்தமே 4.8 வோல்ட், மோட்டாருக்கு 3கூட மிஞ்சாது, கார் உறுமிக்கொண்டு நிற்கும். பிள்ளை நிரலைத் திருத்திக்கொண்டே இருப்பான், பாவம். டிபி6612 என்ற டிரைவரில் இந்த இழப்பு மிகக் குறைவு.

சதுரமாக இருக்கும் 9 வோல்ட் பேட்டரியை மோட்டாருக்குப் போடாதீர்கள். எண் பெரிதாக இருப்பதால் சக்தியும் பெரிது என்று நினைத்து எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள், ஆனால் அந்த பேட்டரியால் அவ்வளவு கரண்ட் கொடுக்க முடியாது. மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் மின்னழுத்தம் சரிந்து பலகை ரீஸ்டார்ட் ஆகும். "கார் ஓரடி போய் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது" என்றால் நிரலைத் தொட வேண்டாம், பேட்டரியைப் பாருங்கள். மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுத்தால் அதன் நெகட்டிவ் முனையைப் பலகையின் கிரவுண்டோடு (GND என்று எழுதிய முனை) இணைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எதுவும் பேசிக்கொள்ளாது.

தூரம் பார்க்கும் அல்ட்ராசோனிக் சென்சார் (இரண்டு கண் மாதிரி இருக்குமே, அதுதான்) பற்றிப் பையனுக்கு விளக்க: அது 40 கிலோஹெர்ட்ஸில் ஒரு சத்தம் போடும், நமக்குக் கேட்காது, எதிரொலி வர எவ்வளவு மைக்ரோநொடி ஆனது என்று சொல்லும். சத்தம் ஒரு சென்டிமீட்டர் போக ஏறத்தாழ 29 மைக்ரோநொடி, போய் வர 58. வந்த எண்ணை 58ஆல் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில். 9 வயதுக்கு வகுத்தல் தெரியுமே, நாலைந்து முறை ஸ்கேலை வைத்து அளந்து சரிபார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் திரைச்சீலை முன்னால் ஓட்டச் சொல்லுங்கள், கார் நேராக உள்ளே போய்விடும், துணி சத்தத்தை உறிஞ்சிவிடும். சாய்வான சுவர் என்றால் எதிரொலி வேறு பக்கம் போய்விடும். "சுவரைக் கண்டுபிடிக்கும்" என்ற பதில் அன்றோடு போய்விடும். ஒரு எச்சரிக்கை, இதில் சாதாரணமாகக் கிடைக்கும் வகை 5 வோல்ட்டில் பதில் அனுப்பும். பிக்கோ, மைக்ரோபிட் எல்லாம் 3.3 வோல்ட் பலகைகள், நேராக மாட்டினால் பலகைக்கு ஆகாது. 3.3 வோல்ட்டில் வேலை செய்யும் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறாள் என்பதால் கடைசியாக ஒன்று: பட்டன் செல் போட்ட எதையும் அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும், உயிருக்கே ஆபத்து. பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய லித்தியம் செல்லும் வேண்டவே வேண்டாம். கிட்டைவிட முதலில் ஒரு மல்டிமீட்டர் (வோல்ட், கரண்ட் அளக்கும் கருவி) வாங்கிக் கொடுங்கள்.

மின்மினி:

ஒயர்மேன் அண்ணா, அந்த 4.8 வோல்ட் விஷயத்துக்கு நன்றி, எங்கள் வீட்டு கார் பரணில் ஏறியதே அதனால்தான் போலிருக்கிறது. இன்றே இறக்கப் போகிறேன்.

நான் வேறு ஒன்று சொல்ல வந்தேன். என் பெண்ணுக்கு 10 வயது, அவளும் இப்படி ஒரு வகுப்புக்குப் போனாள். இரண்டு பேருக்கு ஒரு கிட். அவளுடைய ஜோடிப் பையன் நல்லவன்தான், ஆனால் மவுஸ் எப்போதும் அவன் கையில். இவள் பாகம் எடுத்துக் கொடுப்பாள், கடைசியில் கண் ஒட்டி, வண்ணம் தீட்டுவாள். யாரும் அப்படிச் சொல்லவில்லை, தானாக அப்படி அமைந்துவிடுகிறது. ஆசிரியரிடம் பேசினேன். அவர் 10 நிமிடத்துக்கு ஒரு முறை மணியடித்துக் கையை மாற்ற வைத்தார், யார் கையில் மவுஸ் இல்லையோ அவர்தான் அடுத்து என்ன என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், நிலைமை மாறிவிட்டது. இரட்டைவால், உங்கள் பையன் எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். மவுஸே தொடாமல் ஒரு வருடம் போயிருந்தால் அவனுக்கு விளக்கத் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. எல்லாம் அவனே செய்து இன்னொரு பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தாலும் பார்க்க வேண்டிய விஷயம்தான்.

இன்னொன்று, எல்லாப் பிள்ளைக்கும் கார் வேண்டியதில்லை. என் பெண்ணுக்குக் கோடு பிடித்து ஓடும் கார் சலிப்பு. அவளுடைய அலமாரியைத் தம்பி திறந்தால் கத்தும் பெட்டி ஒன்று செய்தாள், மைக்ரோபிட்டில். முதலில் வெளிச்சத்தை வைத்துக் கண்டுபிடித்தாள், தம்பி விளக்கை அணைத்துவிட்டுத் திறந்தான். அப்புறம் அசைவை வைத்து, அவன் மெதுவாகத் திறந்தான். இப்போது இரண்டும் சேர்ந்து இருக்கிறது. பல்சக்கரம் சொன்ன "குறையிலிருந்து அடுத்தது" இதுதான் என்று நினைக்கிறேன், எங்கள் வீட்டில் குறை கண்டுபிடிக்கத் தனியாக ஒரு ஆளே இருக்கிறான்.

இரட்டைவால்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை.

வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். ஆசிரியர் இளைஞர், பிள்ளைகளிடம் அன்பாக இருக்கிறார், ஆனால் பல்சக்கரம் சொன்னது போலவே கை நேராக ரோபோவுக்குத்தான் போகிறது. ஒரே ஆள், 12 பிள்ளைகள், அவரையும் குறை சொல்ல முடியாது. எந்த ஆர்டுயினோ என்றும் கேட்டேன். ஊனோதானாம். "அப்போ பைத்தான்?" என்றதற்கு மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

அதனால் லெவல் 3 இப்போதைக்கு இல்லை. ஒரு மைக்ரோபிட், ஒரு சாதாரண கார் சேசிஸ் (மோட்டாரும் சக்கரமும் மாட்டும் அடித்தட்டு), மோட்டார் டிரைவர், மல்டிமீட்டர், இவ்வளவுதான் எடுத்திருக்கிறோம். முக்கோணம் மூடவில்லை, பையன் 60 என்றுதான் சொன்னான் (நானும்தான்). பெண் ரோபோவாக நடப்பதைவிடக் கட்டளை கொடுப்பதில்தான் ஆர்வமாக இருக்கிறாள்.

இரண்டு கேள்வி. போட்டிகளுக்குப் போகச் சொல்கிறார்களே, அது உதவுமா? அப்புறம் பையன் இப்போதே நிரலை ஏ.ஐ.யிடம் கேட்டால் வந்துவிடுமே என்கிறான், என்ன பதில் சொல்வது?

பல்சக்கரம்:

போட்டி இருந்தால் ஒரே ரோபோவோடு மாதக்கணக்கில் இருக்க ஒரு சாக்கு கிடைக்கிறது, அந்த அளவில் நல்லது. ஃபர்ஸ்ட் லெகோ லீக் போன்ற போட்டியில் ரோபோ தானாக ஓட வேண்டிய ஆட்டம் இரண்டரை நிமிடம்தான், ஆனால் வடிவமைப்பைப் பற்றி நடுவர்கள் பிள்ளைகளிடமே கேட்பார்கள், குழுவாக எப்படி வேலை செய்தார்கள் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. பயிற்சியாளர் கட்டிய ரோபோவோடு வரும் குழு அந்தக் கேள்விகளில் தெரிந்துவிடும். 9 வயதுக்கு அவசரம் இல்லை, அவனே கேட்டால் போகட்டும்.

சும்மா_நிரலர்:

ஏ.ஐ. கேள்விக்கு: கேட்கட்டும், தடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி "இதை எடுத்துவிட்டால் கார் என்ன செய்யும்?" என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள், அப்புறம் எடுத்துவிட்டு ஓட்டட்டும். அது எழுதித் தரும் நிரலில் பல முறை ஒரு காத்திருப்புக் கட்டளை இருக்கும், "ஒரு நொடி நில்" என்று. அந்த ஒரு நொடி கார் சென்சாரையே பார்க்காது, சுவரில் போய் இடிக்கும். ஏன் இடித்தது என்று அவன் கண்டுபிடித்துவிட்டால் ஏ.ஐ. எழுதினால் என்ன, யார் எழுதினால் என்ன.

இரட்டைவால்:

நன்றி. இப்போது கார் இடது பக்கமாக இழுக்கிறது. பையன் இரண்டு சக்கரத்தையும் கழற்றி மாற்றி மாட்டிவிட்டான், இன்னும் இடதுதான் இழுக்கிறது. அடுத்து என்ன என்று உங்களிடம் கேட்கச் சொல்கிறான்.

ஒயர்மேன்:

கோளாறு சக்கரத்தில் இல்லை என்று தெரிந்துவிட்டது, நல்லது. இப்போது டிரைவரில் இரண்டு மோட்டாரின் ஒயரையும் இடம் மாற்றி மாட்டச் சொல்லுங்கள், நிரலைத் தொட வேண்டாம், வேறு எதையும் மாற்றவும் வேண்டாம். அப்போதும் இடதுக்கே இழுத்தால் இடது மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது, ஒயரைப் பழையபடி மாட்டிவிட்டு வலது பக்கத்தின் எண்ணைக் குறைத்தால் போதும். வலதுக்கு மாறினால் கோளாறு டிரைவரிலோ நிரலிலோ. எது என்று நான் சொல்ல மாட்டேன், மல்டிமீட்டர் அவன் கையில்தானே இருக்கிறது.